லெய்சாவி கொடுத்த ஒன்பது டிக்கெட்டுகள்

லெய்சாவியின் கடைக்கு அடுத்த கொட்டகையில் பன்னிரண்டு வருடம் ரொட்டி சுட்டவன் நான். வழக்கில் சாட்சி சொன்னவர்களில் நானும் ஒருவன். அதனால் அவளைப் பற்றி ஊரில் பேசுகிறவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

ஏப்பி தீவில் எங்கள் கரைக்குத் துறை கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். சின்னப் படகில் போய் ஏறவேண்டும். தலைநகர் போர்ட் விலாவைச் சேர்ந்த கல்மெட் தன்னுடைய 'ஆடெல்' கப்பலை எங்கள் பக்கம் விட ஆரம்பித்தபோது, கரையில் ஏஜென்ட் வேலைக்கு லெய்சாவியைப் பிடித்தார். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. கணவன் சாந்தோ தீவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டிருந்தான். அவள் சோப்பும் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிழைத்தாள்.

கல்மெட் அன்றைக்கு ஒரு பன்றியை வெட்டி ஊருக்கே சாப்பாடு போட்டார். டிக்கெட் புத்தகத்தையும் ரப்பர் முத்திரையையும் எல்லோர் முன்னாலும் அவள் கையில் கொடுத்தார்.

"இனிமே கப்பல் சம்பந்தமா எதுன்னாலும் லெய்சாவிகிட்ட கேளுங்க. அவ சொன்னா நான் சொன்ன மாதிரி" என்றார்.

இதை நான் என் காதால் கேட்டேன். பின்னால் நீதிமன்றத்தில் நான் சொன்னதும் இந்த ஒரு வரியைத்தான்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, யார் கோழிக்கூடையை மறந்துவிட்டு இறங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இல்லை என்று மட்டும் சொல்லத் தெரியாது. ஒரு தடவை பிரசவ வலியில் துடித்த பெண்ணை, யாரையும் கேட்காமல், டிக்கெட்டும் இல்லாமல் ஏற்றி அனுப்பினாள். கல்மெட் கேள்விப்பட்டுச் சிரித்துவிட்டு, "நல்ல காரியம் பண்ணுன" என்றார். இன்னொரு தடவை மேல்தளம் முழுக்கப் பன்றிகளை ஏற்றினாள். அதற்குக் கத்தினார், ஆனால் கூலியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் பின்னால் ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ள, தான் செய்வதற்கெல்லாம் அவர் தலையாட்டுவார் என்ற நினைப்பு அவளுக்குள் ஊறிவிட்டது.

பதினோராவது வருடம், ஒரு வியாழக்கிழமை காலையில் கல்மெட் தொலைபேசியில் கூப்பிட்டார். கப்பலுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் நின்று நின்று ஓடுகிறது. இந்தத் தடவை கொப்பரையும் காவா வேர் மூட்டையும் மட்டும் ஏற்று, ஆள் ஒருத்தரும் வேண்டாம், விலாவுக்கு வந்ததும் பழுது பார்க்கப் போகிறேன் என்றார்.

"ஜனங்க கேட்டா என்ன சொல்றது?"

"இடம் இல்லன்னு சொல்லு. பம்ப் பேச்சே எடுக்காத. அப்புறம் ஒருத்தனும் என் கப்பல்ல ஏறமாட்டான்."

அன்று கரையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். விலாவில் சபைக் கூட்டத்தில் பாடப்போகிற கோஷ்டி. ஒரே துணியில் தைத்த புதுச் சட்டைகள். மலைமேல் இருந்து மூன்று மணி நேரம் நடந்து வந்தவர்கள். அதில் பத்தொன்பது வயது மரியான், லெய்சாவியின் பெரியப்பா மகள் லெய்மாஸ் பெற்ற பெண்.

"இந்தத் தடவை இடமில்ல" என்று லெய்சாவி சொல்லத்தான் செய்தாள். கோஷ்டித் தலைவர் ஜோசஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இடமில்லையா? நாப்பது பன்னிக்கு இடம் இருந்துச்சு, ஒம்பது பாட்டுக்காரங்களுக்கு இல்லையா? நாங்க பன்னியவிட மோசமாவா கத்தறோம்?"

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. லெய்சாவி கடலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிக்கெட் புத்தகத்தைத் திறந்தாள். சரக்கு ஏற்ற வந்த கப்பல் தலைவன் சைலஸ், "ஆளுங்க வேணாம்னு முதலாளி சொன்னாரே, அக்கா?" என்றான்.

"நான் பேசிட்டேன். சரின்னுட்டாரு" என்றாள் லெய்சாவி.

மதியத்துக்குமேல் காற்று திரும்பியது. எஃபாத்தே தீவின் வடக்கே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், 'ஆடெல்' ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கியது. கப்பல் ஆட்கள் நால்வரும் பயணிகளில் ஐந்து பேரும் மிதந்து பிழைத்தார்கள். ஜோசஸும் இன்னும் இரண்டு ஆண்களும் மரியானும் திரும்பவில்லை. மரியானின் உடல் கிடைக்கவே இல்லை.

கல்மெட் வானொலியில் பேசினார். ஆள் ஏற்றக்கூடாது என்று தான் தடுத்ததாகவும், அதை மீறிக் கொடுத்த டிக்கெட் தன் டிக்கெட்டே இல்லை என்றும், அன்றைக்கு அந்தப் பெண் தன் ஏஜென்டே அல்ல என்றும் சொன்னார். இறந்தவர்களின் குடும்பங்கள் விலாவில் வழக்குப் போட்டன. அவர்களுடைய வழக்கறிஞர் எஸ்லின் தபி எங்கள் கரைக்கு வந்து, லெய்சாவியின் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். பேச்சுக்கு ஆள் இருக்கட்டும் என்று லெய்சாவி என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

"அவரு தடுத்தது நிஜமான்னு நான் கேக்கப்போறதில்ல. அது எங்களுக்குத் தேவையும் இல்ல" என்றாள் எஸ்லின். "கரையில பன்னி வெட்டி, அவ சொன்னா நான் சொன்ன மாதிரின்னு ஊருக்கே சொன்னாரு. அத ஜனங்க நம்புனாங்க. உங்க காதுல தனியா ஒன்ன சொல்லிட்டு, அந்த நம்பிக்கைக்கு நான் பொறுப்பில்லன்னு அவரு கழண்டுக்க முடியாது. ஜனங்களுக்குத் தெரியாத தடை ஜனங்களக் கட்டாது. சட்டம் அதான்."

"அப்போ நான் உண்மையச் சொன்னா அவங்க கேஸ் தோத்துடாதா?"

"தோக்காது. ஆனா கல்மெட் உங்கமேல பாய்வாரு. முதலாளி சொன்ன வரம்பத் தாண்டுன ஏஜென்ட், முதலாளிக்குப் பதில் சொல்லியாகணும். நான் உங்க வக்கீல் இல்ல, அக்கா. உங்களுக்குன்னு ஒருத்தரப் பாருங்க."

அவள் யாரையும் பார்க்கவில்லை. அந்தத் தொலைபேசிப் பேச்சை அவர்கள் இருவரைத் தவிர யாரும் கேட்டதில்லை. 'அப்படி எதுவும் சொல்லவில்லை' என்று அவள் சொல்லியிருந்தால் அவர் வாயும் இவள் வாயும் சமம். சைலஸ் முதலாளியின் ஆள், அப்படித்தான் சொல்வான் என்று தள்ளியிருக்கலாம். ஊரே அதைத்தான் எதிர்பார்த்தது. சாட்சி சொல்ல அவள் விலாவுக்குக் கப்பல் ஏறும் முன், "பாத்துப் பேசு" என்று நான்கூடச் சொன்னேன்.

நீதிமன்றத்தில் கல்மெட்டின் வழக்கறிஞர் எழுந்து கேட்டார்: "அன்னிக்கு ஆள் ஏத்தக்கூடாதுன்னு உங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரு."

"காரணம் சொன்னாரா?"

"பம்ப் சரியில்லன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

கல்மெட் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய வழக்கறிஞர் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டாம். ஆனால் எனக்கு முன் வரிசை பெஞ்சில் லெய்மாஸ் தன் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். அதுவரை தன் தங்கை ஒன்றும் தெரியாமல் ஏற்றிவிட்டாள் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். மெதுவாக எழுந்து, பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வெளியே போனாள். சாட்சிக்கூண்டில் நின்ற லெய்சாவி அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. நீதிபதி மூன்று தடவை உரக்கப் பேசச் சொன்னார்.

தீர்ப்பு எஸ்லின் சொன்னபடியே வந்தது. முகவரென்று ஊரறிய நிறுத்தியவர், அந்த முகவர் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டவர். கல்மெட் குடும்பங்களுக்கு ஈடு கொடுக்கவேண்டும். உத்தரவை மீறிய லெய்சாவி அவருக்குப் பொறுப்பு. ஆனால் பழுதை மறைக்கச் சொன்னது அவரே என்பதால் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியைக் கழித்தார் நீதிபதி. மிச்சத்துக்கே அவள் கடையும், ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிப்போகிற அவளுடைய படகும் போயின.

அவள் ஊர் முறைப்படி சமாதானத்துக்காக நான்கு வீடுகளுக்கும் பாயும் பன்றியும் காவாவும் கொண்டுபோய் வைத்தாள். மூன்று வீட்டார் ஏற்றுக்கொண்டு கை குலுக்கினார்கள். லெய்மாஸ் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். பாய் மழையில் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் லெய்சாவியே போய் எடுத்துவந்தாள்.

அதன்பிறகு மலைமேல் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் குடிசை போட்டுக்கொண்டாள். எங்கள் கரைக்கு இப்போது வேறு கப்பல் வருகிறது, வேறு ஏஜென்ட் இருக்கிறான். ஏதாவது கேட்டால், "எழுத்துல வந்தாத்தான்" என்கிறான். அவனைத் திட்டுகிறவர்கள்கூட லெய்சாவியின் பேரை எடுப்பதில்லை. நான் வாரம் ஒருமுறை அவளுக்கு ரொட்டி கொண்டுபோவேன். "நான் உண்மையத்தான சொன்னேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். பிறகு, "சைலஸ்கிட்ட பொய் சொன்னதும் நான்தான்" என்றாள்.

நான்காம் வருடம் லெய்மாஸ் ஒரு மதியம் அந்தத் தோட்டத்துக்கு ஏறி வந்தாள். நான் அங்கே இருந்தேன். அவள் உட்காரவில்லை.

"கரையிலேர்ந்து அவளக் கடைசியா ஏத்தி அனுப்புனது நீதான். என்ன பண்ணிட்டிருந்தா? பாடிட்டிருந்தாளா?"

"இல்ல அக்கா. படகுல உக்காந்து மண்டரின் ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தா. பாதிய எனக்குக் குடுத்தா."

"தின்னியா?"

"தின்னேன்."

லெய்மாஸ் தலையை ஆட்டினாள். வந்த வழியே இறங்கிப் போனாள். லெய்சாவி மண்வெட்டியை எடுத்து, பாதியில் விட்ட வரப்பைக் கொத்த ஆரம்பித்தாள்.