மூன்று புள்ளி, ஒரு கொக்கி

இது நடந்தது. மலாக்காவில், மெர்லிமாவுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், 1931-ஆம் வருஷம் நடந்தது. தேதி, கிழமை, மணி எல்லாம் இருக்கிறது. அனுபவித்தவர் பெயரும் இருக்கிறது: மாயாண்டி, தோட்டத்து டோபி. பேயைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் கண்ணை உருட்டிக்கொண்டு சொல்வார்கள். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். பயத்தினால் அல்ல, வெட்கத்தினால். அதனால்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் அவருடைய ஒரே மகள் கோமளாவுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தங்கையாவுக்குப் பாச்சாங்கில் சொந்தமாகத் தையல் கடை. அவரும் துணி வெளுக்கிற குடும்பத்தில் பிறந்தவர்தான். கத்தரிக்கோலைக் கையில் எடுத்த நாளிலிருந்து அதை மறந்துவிட்டார். பெண்ணைப் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் சொல்லி அனுப்பினார்.

"ஊரார் துணிய உடுத்திக்கிட்டு சபையில நிக்கிற ஆளு எனக்கு சம்பந்தியா வேணாம்."

மாயாண்டிக்குச் சுருக்கென்றது. வெளுக்க வந்த சட்டையை இரண்டு நாள் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டுக் கொடுக்கிற பழக்கம் அவருக்கும் உண்டு. இனி தொடமாட்டேன் என்று மனைவி வேலாயியிடம் சத்தியம் செய்தார். ஆனால் நிச்சயத்துக்கு முதல் நாள் தன் சொந்தச் சட்டைகளை எடுத்துப் பார்த்தால், இருந்தது இரண்டு. இரண்டிலும் ஒட்டு.

மூலையில் சின்ன தொரை வெளுக்கக் கொடுத்த நீலக் கம்பளிக் கோட்டு மடித்த மடிப்போடு இருந்தது.

சின்ன தொரை, தோட்டத்தின் உதவி மானேஜர். வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை, நார்வேக்காரர். அவருடைய ஊர் கடலோரத்தில் ஒரு சின்ன ஊராம். ஒரு சர்ச்சு, ஒரு முனிசிபல் ஆபீஸ், மீன் காயப்போடுகிற மரச் சட்டங்கள், அவ்வளவுதான். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே வராதாம்.

"அப்ப துணி எப்படிங்க தொரை காயும்?" என்று மாயாண்டி ஒருதடவை கேட்டார். சின்ன தொரை விழுந்து விழுந்து சிரித்தார். "காயும், மாயாண்டி. எங்க அம்மா விட மாட்டாங்க."

அந்த அம்மா தன் கையால் தைத்துக் கொடுத்த கோட்டு அது. காலரின் உட்புறம் ஒரு வெள்ளைத் துணிப்பட்டி. அதில் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு பூவேலை. அதுதான் மாயாண்டிக்கு இடைஞ்சலாக இருந்தது. தங்கையா பேச்சோடு பேச்சாகக் காலரைத் திருப்பிப் பார்க்கிற ஆள். வெளுக்கிற வீடுகளில் சொந்தத் துணிக்கென்று தனிக் குறி போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மாயாண்டி ஊசியை எடுத்தார். சிவப்பு நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆற்றில் போட்டார். அந்த இடத்தில் சேங்கொட்டை மையால் தன் வீட்டுக் குறியைப் போட்டார். மூன்று புள்ளி, ஒரு கொக்கி. சேங்கொட்டைக் குறி போட்டால் போட்டதுதான். துணி நைந்தாலும் குறி போகாது.

ஆகஸ்டு 23, ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். மலாக்கா வெயிலில் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாயாண்டி புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வேர்த்து ஊற்றியது. நினைத்தபடியே தங்கையா காலரைத் திருப்பினார். குறியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சொந்தக் கோட்டா, சம்பந்தி?"

"ஆமாங்க. என்னோடதுதான்."

தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது சின்ன தொரை முதலில் காலரைத்தான் பார்த்தார். "செவப்பு நூல் எங்கே?"

"வெளுக்கையில அத்துப்போச்சுங்க தொரை."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார். அவர் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு தையல் குறி உண்டாம். கடலுக்குப் போகிறவன் என்றைக்காவது பிணமாகக் கரையில் ஒதுங்கும்போது முகம் இருக்காது. குறியைப் பார்த்துத்தான் இன்ன வீட்டுப் பிள்ளை என்று கொண்டுபோய்ச் சேர்ப்பார்களாம். பிறகு அந்தக் கறுப்புப் புள்ளிகளை விரலால் தொட்டுச் சிரித்தார்.

"இப்ப நான் செத்தா உங்க வூட்டுக்குத்தான் வரணும், மாயாண்டி."

ரப்பர் விலை படுத்துக்கிடந்த வருஷம் அது. சின்ன தொரைக்கு வேலை போயிற்று. செப்டம்பர் 6, ஞாயிறு, மதியம் மூன்று மணிக்குத் தன் சின்னப் பாய்ப்படகில் ஏறினார். சிங்கப்பூர் போய் ஊருக்குக் கப்பல் பிடிப்பதாகச் சொன்னார். நீலக் கோட்டைப் போட்டிருந்தார். போனவரை அதன் பிறகு யாரும் தேடவில்லை.

அடுத்த ஞாயிறு. செப்டம்பர் 13. மாலை ஆறு பத்து.

மாயாண்டி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் போட்டது இருபத்திரண்டு உருப்படி. எண்ணினார். இருபத்து மூன்று...

கடைசியில் ஒரு நீலக் கோட்டு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அன்று மழையே இல்லை. தொட்டார். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. விரலை நாக்கில் வைத்தார். உப்பு.

வேலாயியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். கோட்டு இல்லை. கொடிக்குக் கீழே மண் மட்டும் ஈரமாக இருந்தது.

"வெயில்ல நின்னு நின்னு உங்களுக்கு மூள கலங்கிப்போச்சு," என்றாள் வேலாயி.

செப்டம்பர் 20. அதே ஆறு பத்து. அதே இடம்.

சொட்... சொட்... சொட்...

இந்தத் தடவை மாயாண்டி கிட்டே போகவில்லை. கோட்டின் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் வெறுங் கைகளாகத் தொங்கவில்லை. உள்ளே எதுவோ இருந்து கனத்தது.

வெள்ளிக்கிழமை, மெர்லிமாவ் கரையில் ஒரு பிணம் ஒதுங்கியது. மூன்று வாரம் உப்புத் தண்ணீரில் கிடந்த உடம்பு. முகம் இல்லை. தோலின் நிறமும் தெரியவில்லை. அந்த மாதம் கவிழ்ந்த மீன்பிடிப் படகு ஒன்றின் ஆள் என்று பேசிக்கொண்டார்கள். பிணத்தின் மேல் இருந்த நீலக் கோட்டில் டோபி குறி இருந்ததால் போலீசார் சுற்று வட்டாரத்து டோபிகளையெல்லாம் சனிக்கிழமை வரவழைத்தார்கள்.

மலாய்க்காரப் போலீஸ்காரர் காலரைத் திருப்பிக் காட்டினார். "இனி சியாப்பா புன்யா?" இது யாருடையது?

மூன்று புள்ளி. ஒரு கொக்கி.

மாயாண்டி மனசுக்குள் கணக்குப் போட்டார். என்னுடையது என்று சொன்னால் கோட்டின் கதை வெளியே வரும். நாளைக்கே பாச்சாங்குக்கு எட்டும். கோமளாவின் கல்யாணம் நின்றுபோகும். தூக்கத்தில்கூட மகள் தைமாதத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"புக்கான் சாயா புன்யா, துவான்," என்றார். என்னுடையது இல்லை, ஐயா.

தன்னுடையதாக இல்லாதபோது என்னுடையது என்ற வாய், தன் குறியைப் பார்த்தபோது இல்லை என்றது. அதை அவர் கடைசிவரை சொல்லிச் சொல்லி வெட்கப்பட்டார்.

அநாதைப் பிணம் என்று எழுதினார்கள். கோட்டைப் பிணத்துக்கே போட்டுப் புதைத்துவிடச் சொல்லி, அந்த வேலையை அங்கே நின்ற மாயாண்டி தலையிலேயே கட்டினார்கள். அவர்தான் போட்டுவிட்டார். ஐந்து பொத்தான். ஐந்தையும் அவர் கையாலேயே மாட்டினார். மண் மூடும்வரை நின்றார்.

மறுநாள். செப்டம்பர் 27. ஞாயிறு.

மழை பிடித்திருந்தது. வேலாயி கோயிலுக்குப் போயிருந்தாள். மாயாண்டி உள்ளறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் காலடி கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆறு பத்து.

கோமளா கதவைத் திறக்கிற சத்தம். பிறகு அவள் குரல்.

"அப்பா... யாரோ துணி எடுக்க வந்திருக்காங்க."

"யாரு?"

"தெரியலப்பா. இருட்டா இருக்கு. மூஞ்சி தெரியல."

சொட்... சொட்...

"என்ன கேக்குறாரு?"

"ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு. காலரத் திருப்பிக் காட்டுறாரு. நம்ம குறிதாம்பா..."

இஸ்திரிப் பெட்டி வேட்டியின் மேல் இருந்தது. துணி கருகும் வாசனை. அதையும் தாண்டி ஒரு குளிர். இந்த ஊரில் இல்லாத குளிர்.

"அப்பா? உள்ள வரச் சொல்லவா?"

எழுந்து போயிருக்கலாம். பத்தடி தூரம்.

போகவில்லை.

"நம்மளது இல்லேன்னு சொல்லு."

கோமளா சொன்னாள். அவள் குரல் நல்ல மரியாதையாக இருந்தது. "எங்களது இல்லைங்க."



பிறகு காலடி. தூரமாக. கடல் பக்கமாக.

வாசலில் கிடந்த ஈரம் மூன்று நாள் காயவில்லை. அதற்குப் பிறகு அது வரவே இல்லை. தையில் கோமளாவின் கல்யாணம் நன்றாக நடந்தது. பாச்சாங்கில் பிள்ளையும் பிறந்தது. மாயாண்டி பந்தியில் சிரித்தார், பேரனைத் தூக்கினார். ஆனால் துணிக்குக் குறி போடுகிற வேலையை மட்டும் வேலாயியிடம் விட்டுவிட்டார்.

1933-இல் ஒரு கடிதம் வந்தது. பல ஆபீஸ்கள் சுற்றி, உறையெல்லாம் முத்திரையாக வந்தது. தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி மணியம் மாயாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார். நார்வேயில் அந்தச் சின்ன ஊரின் முனிசிபல் ஆபீசிலிருந்து எழுதியிருந்தார்கள்.

மணியம் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த ஊர்ப் பையன் ஒருவன் உங்கள் தோட்டத்தில் வேலை செய்தான், வீடு வந்து சேரவில்லை. ஆனால் அவன் கோட்டு வந்திருக்கிறது. அவன் அம்மா சர்ச்சிலிருந்து வரும்போது வீட்டுத் துணிக்கொடியில் நனைந்து தொங்கியது. ஐந்து பொத்தானும் மாட்டியிருந்தது. சிவப்பு நூல் பிரித்த ஊசித் துளைகளை வைத்துத்தான் தன் தையல் என்று அறிந்தாள். 1931, செப்டம்பர் 27, பகல் பன்னிரண்டு பத்து.

மணியம் விரல் விட்டு எண்ணினார். "அங்க பன்னிரண்டு பத்துன்னா... இங்க சாயங்காலம் ஆறு பத்து."

மணியம் மேலே படித்தார்.

அந்த அம்மா தினமும் அதை எடுத்துப் பிழிந்து காயப்போடுகிறாளாம். இரண்டு வருஷமாக. இன்னும் காயவில்லையாம்.

கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி. காலரில் உள்ள இந்தக் குறி எந்த வீட்டுக் குறி என்று அங்கே யாருக்காவது தெரியுமா? பக்கத்தில் பேனாவால் கவனமாக வரைந்திருந்தார்கள்.

"உனக்குத் தெரியுமா மாயாண்டி?" என்றார் மணியம். "தெரியலேன்னா தெரியலேன்னு எழுதிப்புடுறேன்."

மாயாண்டி அந்த மூன்று புள்ளியை விரலால் தொட்டார்.

"என் வீட்டுக் குறிதாங்க," என்றார். "அவரு மொதல்ல என் வீட்டுக்குத்தான் வந்தாரு. நான்தான் அனுப்பிட்டேன்னு எழுதுங்க."