பிள்ளையார் சுழி போட்ட பாடம்

செங்கம் சாலையில் மழைக்காக ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒதுங்கி நிற்கிறேன். கணினித் திரையில், கிறிஸ்தவ சபைக்குப் புதிதாக வந்த விசுவாசிகளுக்கான சீஷத்துவப் பாடம்; இயேசுவின் சீடராக வாழக் கற்றுக்கொடுப்பது. யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம் என்ற அனுமதியோடு இணையத்தில் கிடைத்த ஆங்கிலப் பாடத்தை, சபை ஊழியம் செய்கிற மெர்சி மென்பொருளால் தமிழாக்கித் திருத்திக் கொண்டுவந்திருக்கிறார். பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி இருக்கிறது.

"இது எப்படிண்ணா வந்துச்சு?" என்கிறார்.

"எல்லா வேலைக்கும் போடறதுதான் சிஸ்டர். யார் வேணா மாத்தலாம்னு இதுலயே போட்டிருக்கே," என்கிறார் கடைக்காரர்.

"மாத்தலாம். யார் மாத்தினாங்கன்னும் போடணும். உங்க பேரைப் போடட்டுமாண்ணா?"

கடைக்காரர் சுழியை அழிக்கிறார். பிறகு மேசைமேல் விரலால் அதைப் போட்டுவிட்டு, பிரிண்ட் கொடுக்கிறார். பார்த்துவிட்ட மெர்சி, மழை விட்டதா என்று வெளியே பார்க்கிறார்.