கால் மில்லிதான் என்றேன்

எண்பதுகளில் ஓசூர்க்காரர்களிடம் பெட்ரோலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும்: கர்நாடகா பெட்ரோல் நல்ல பெட்ரோல், நம் பக்கத்து பெட்ரோல் கலப்படம். மொபெட் வைத்திருந்தவர்கூட எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரை போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, வண்டி பறக்கிறது என்பார். இரண்டு பக்கமும் எங்கிருந்து பெட்ரோல் வருகிறது என்று யாரும் விசாரித்ததில்லை. நானும் அப்படி வாய் ஓயாமல் பேசியவன்தான். அந்தப் பேச்சைத் தூக்கி ஒரு மனிதர் தலையில் போட்டவனும் நான்தான். இதை இத்தனை வருஷத்தில் ஒருவரைத் தவிர யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கே தெரியாது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்து வந்தவன் நான். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி டூல்ரூமில் இரும்பைத் தேய்த்துச் சமமாக்கும் கிரைண்டிங் மெஷின் ஓட்டினேன். எனக்கு நல்ல கை என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லாத வயசு. யாராவது என் வேலையில் அளவு பார்க்கும் டயலை வைத்துப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

எங்கள் உற்பத்திப் பிரிவு மேனேஜர் மெட்ராஸ்காரர். சிக்மகளூர் காப்பித் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் செய்த, இரண்டு கதவு, சிவப்புக் கார். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியதாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார். ஒரு ஞாயிறு கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது மேலுமலை ஏற்றத்தில் இன்ஜின் சூடாகி, சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. அதைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

"உன் கைதான்பா வேணும். ஆனா கால் மில்லிக்கு மேல போயிடாத. இது ஏற்கெனவே ஹை கம்ப்ரெஷன் இன்ஜின்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சிலிண்டர் ஹெட் என்பது இன்ஜினுக்கு மூடி மாதிரி. அதன் அடிப்பக்கத்தைக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று தேய்த்துச் சமமாக்கலாம். தேய்க்கத் தேய்க்க, உள்ளே பெட்ரோலும் காற்றும் அழுந்துகிற இடம் சுருங்கும். ரொம்பச் சுருங்கினால் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் அங்கங்கே தானாக வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்பார்கள். ஆக்டேன் ஆக்டேன் என்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, அழுத்தத்தைப் பெட்ரோல் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு ஓர் அளவு. ஓசூரில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலுக்குப் பொறுமை குறைவு. தொண்ணூற்று மூன்று ஆக்டேன் என்று கொஞ்சம் பொறுமையுள்ள பெட்ரோல் பெங்களூரில் சில பங்க்குகளில் மட்டும் கிடைத்தது.

சாப்பாட்டு இடைவேளையில் வேலையை வைத்தேன். பந்தயக் கார் ஹெட் என்பதால் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஆள் பார்க்கிறது என்றால் எனக்கு ஒரு மிடுக்கு வரும். மற்ற நாட்களில் மெஷினின் காந்த மேடையைத் துணியால் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் எதையும் அதன்மேல் வைப்பேன். அன்றைக்கு ஏர் பைப்பால் ஒரு ஊது ஊதிவிட்டு ஹெட்டைத் தூக்கி வைத்துவிட்டேன். தேய்க்கும் கல் சுழன்றது. ஒரு ஓரத்தில் மட்டும் பொறி பறந்தது. வளைவு அந்தப் பக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கல்லை இறக்கிக்கொண்டே போனேன். "பாத்துக்கடா, இதுதான் கை" என்று யாரோ சொன்னது காதில் விழுந்து உச்சி குளிர்ந்தது.

மணி அடித்து எல்லோரும் போன பிறகுதான் டயலை வைத்தேன். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு முள் எங்கேயோ ஓடியது. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால், அடியில் நகத்துணுக்கு அளவுக்கு ஒரு இரும்புச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்த ஹெட்டை நான் கோணலாகத் தேய்த்திருந்தேன். கோணலை எடுக்க மறுபக்கத்தையும் அதே அளவுக்கு இறக்கவேண்டும். இறக்கினேன். வேலை முடிந்தபோது முக்கால் மில்லியைத் தாண்டிவிட்டது. சுருளை மெஷின் தண்ணீர்த் தொட்டியில் வீசினேன்.

சாயங்காலம் மேனேஜர் வந்து பளபளவென்றிருந்த பரப்பில் தன் முகத்தைப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்குப்பா. எவ்வளவு எடுத்த?"

"கால் மில்லிதான் சார்."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. வாயிலிருந்து தானாக வந்தது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தடிமனான கேஸ்கெட் ஒன்றைப் போட்டுச் சரிக்கட்டியிருக்கலாம். ஒரு நாள் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான்.

கார் ஓடத் தொடங்கியது. காலைக் குளிரில் நன்றாகத்தான் போகும். வெயில் ஏறிய பிறகு மேட்டில் மிதித்தால், தகரக் குவளையில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் வரும். ஒரு ஞாயிறு மேனேஜர் என்னையும் ஏற்றிக்கொண்டு சூளகிரி வரை போய்வந்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூரிலிருந்து அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் கன்னடத்தில், "எஷ்டு தெகெதிரி?" என்றார். எவ்வளவு எடுத்தீர்கள் என்று சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

"கால் மில்லி" என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன். "சார், பெட்ரோல எங்க போட்டீங்க? கிருஷ்ணகிரி ரோட்டு பங்க்லயா? அங்க மண்ணெண்ணெய் கலக்குறான்னு ஊரே சொல்லுதே."

ஊரே சொல்லுது என்பது எவ்வளவு வசதியான வார்த்தை! மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது; மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் கம்பெனி வண்டிகள் எல்லாமே அந்த பங்க்கில்தான் பெட்ரோல் போட்டன. "நம்மளையே ஏமாத்துறானா?" என்று கிளம்பினார். என்னையும் சாட்சிக்கு ஏற்றிக்கொண்டார்.

அந்த பங்க்கில் பெட்ரோல் போடுபவர் நாற்பது வயசு மதிக்கத்தக்கவர். கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் நாகரசம்பட்டிக்காரர். மாந்தோப்புகளில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவரை அவருடைய மச்சான் சிபாரிசு பண்ணி அங்கே சேர்த்துவிட்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அவர் ஒரு காக்கிச் சட்டை, அவ்வளவுதான்.

மேனேஜர் போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். ஆனாலும் பதறாமல் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துவந்தார். பம்ப்பிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விட்டார். "பாருங்க சார். கலப்படம் இருந்தா கறை நிக்கும். இது அப்பிடியே ஆவியா போயிடும், பாருங்க."

நாங்கள் மூன்று பேரும் நட்ட நடு மத்தியானத்தில் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சொட்டு காய்ந்தது. தாள் வெள்ளையாக இருந்தது. கறை இல்லை.

"தாள வேற மாத்தி வெச்சிருக்கியா?" என்று மேனேஜர் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். அடிக்கக் கை ஓங்கினார். நான் ஓடிப்போய் நடுவில் புகுந்து, "விடுங்க சார், வேண்டாம், விடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் என்னை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பங்க் முதலாளிக்குக் கம்பெனி வண்டிகள் வேண்டும். அன்று சாயங்காலமே அந்த மனிதரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மேனேஜர் அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து கேன்களில் தொண்ணூற்று மூன்று கொண்டுவந்து ஊற்றினார். சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அடங்காமல் என்ன செய்யும், பொறுமையுள்ள பெட்ரோல் என் முக்கால் மில்லியைப் பொறுத்துக்கொண்டது. "பாத்தியா, நீ சொன்னது சரிப்பா" என்று என் தோளில் தட்டினார். கம்பெனி முழுக்க அதுதான் பேச்சு. அந்த பங்க்கில் ஒருத்தன் பிடிபட்டான் என்று கேன்டீனில் சொன்னார்கள். நானும் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆமாம் என்றேன்.

மூன்று வருஷம் போனது. மேனேஜர் காரையும் எடுத்துக்கொண்டு புனேவுக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு நாள் டூல்ரூமைச் சுத்தம் செய்யக் கான்ட்ராக்டில் புது ஆள் ஒருவர் வந்தார். கையில் துடைப்பத்தோடு என் மெஷின் முன்னால் வந்து நின்று என்னையே பார்த்தார்.

"சார், நீங்கதான அன்னிக்கி என்னை அடிக்கவுடாம புடிச்சீங்க?"

நான் மெஷினை நிறுத்தினேன். அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். "இந்த சார் மட்டும் இல்லன்னா அன்னிக்கி என்னை ரோட்டுலயே போட்டு அடிச்சிருப்பாங்க. நல்ல மனுசன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அன்றிலிருந்து தினமும் என் மெஷினைத்தான் முதலில் துடைப்பார். சீசன் வந்தால் ஊரிலிருந்து மாம்பழம் கொண்டுவந்து என் லாக்கர் மேல் வைப்பார். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். காந்த மேடையைத் துணியால் துடைத்துவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். யார் சொல்லிக்கொடுத்தார்களோ. ஒரு நாள் அப்படித் தடவிக்கொண்டே, "இதுல ஒரு துணுக்கு கெடந்தாக்கூட வேலையே கெட்டுப்போயிடுமாமே சார்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சைக்கிள் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரும்புச் சுருள், முக்கால் மில்லி, கால் மில்லி என்ற பொய், பங்க்கின் பெயரை எடுத்துக்கொடுத்தது நான்தான் என்பது, எதையும் விடவில்லை. திட்டுவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்குத்தான் ஆசைப்பட்டேன்.

அவர் ஒரு சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப பெட்ரோல்ல ஒண்ணும் இல்லயா சார்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. நல்ல பெட்ரோல்."

"நான்தான் டேங்க்குல எங்கியோ தண்ணி வுட்டுட்டனோ, மூடிய சரியா மூடலயோன்னு மூணு வருசமா யோசன பண்ணிக்கினு கெடந்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேலக்கி சேத்துவுட்ட என் மச்சான் இன்னும் என்கூடப் பேசறதில்ல சார். திருவிழாவுக்குப் போனாலும் பெட்ரோல்காரன் வந்துட்டான்னு ஒரு மாதிரி சிரிப்பாங்க. நீங்க ஒரு தடவ எங்கூருக்கு வந்து இத சொல்லுவீங்களா சார்? மச்சான் காதுல வுழுந்தா போதும்."

"வரேன். இந்த ஞாயித்துக்கிழமையே வரேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். கிருஷ்ணகிரி பஸ் நின்றது, போனது, அடுத்தது வந்தது. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை. மேனேஜரே ஊரில் இல்லை. அந்த ஊர்ப் பையன்கள் நான்கைந்து பேர் எங்கள் கம்பெனியில் இருந்தார்கள். திங்கட்கிழமை டூல்ரூமில், துணுக்கின் மேல் வைத்துத் தேய்த்தவன் இவன்தான் என்று யாராவது சிரிப்பார்கள். அதற்குத்தான் பயந்தேன். ஒரு மனிதரின் மானத்துக்கு எதிரே நான் வைத்துப் பார்த்தது அவ்வளவுதான். ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை அவர் வந்தார். வழக்கம்போல வணக்கம் வைத்தார். "நானும் மச்சானும் ஸ்டாப்புல நாலு பஸ்ஸு பாத்தோம் சார். பேசாத மச்சான், நான் கூப்புட்டதும் வந்து நின்னாரு. உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"ஆமா, காய்ச்சல்" என்றேன்.

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "உடம்பப் பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்து என் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். மேடையை உள்ளங்கையால் ஓரம் விடாமல் தடவிப் பார்த்தார். ஒரு துணுக்குகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த மெஷினுக்குப் போனார்.

அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஓசூரிலிருந்து நாகரசம்பட்டி கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் பயணம். நான் இன்றுவரை போனதில்லை.