பழைய சீட்டும் புது இரத்தமும்

முதலில் கெட்டது என் கையெழுத்து. நாட்குறிப்பில் ‘ழ’ எழுதினால் சுழி நடுங்கியது. கரும்பலகையிலும் அப்படித்தான். “டீச்சர், எலி ஓடுன மாதிரி இருக்கு” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நன்றாகச் சாப்பிட்டும் ரவிக்கை தொளதொளத்தது. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது.

இராஜபாளையத்தில் எங்கள் குடும்ப டாக்டர், மாதவிலக்கு தள்ளிப்போனதைக் கேட்டதும், கர்ப்பமா என்று பார்க்கச் சிறுநீர்ச் சோதனைக்குச் சீட்டு எழுதினார். எனக்கு நாற்பது கடந்திருந்தது. வெட்கத்தில் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். மதுரையிலிருந்து ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பெரிய டாக்டர் வருவார். முதல் முறை தாமே இரத்தம் எடுத்து மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, தைராய்டு (கழுத்தின் முன்புறச் சுரப்பி) மிகையாகச் சுரக்கிறது என்றார். மாத்திரை தொடங்கினார். “மூணு மாசத்துல அளவு இறங்கணும். இல்லாட்டி ஆபரேஷன்தான்.” குரலுக்கான நரம்பு அருகிலேயே ஓடுவதால், அபூர்வமாகக் குரல் கம்மிப்போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. நான் குரலால் பிழைப்பவள்.

மாத்திரை தொடங்கிய அன்றே மறுசோதனைக்குச் சீட்டு தந்தார். போகும்போதெல்லாம் இன்னொன்று தந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் லேப் அந்தச் சோதனைக்கு இரத்தத்தை மதுரைக்கு அனுப்புவது வெள்ளிக்கிழமை மட்டும். எங்கள் வீட்டிலோ வெள்ளியன்று உப்பைக்கூட வெளியே கொடுக்க மாட்டோம்.

“உப்பே குடுக்க மாட்டோம், ரத்தத்தையா குடுப்பாக? செத்தப் பொறுட்டி” என்றார் என் கணவரின் அக்கா பார்வதி மதினி. சீட்டுகள் சாமி படத்துக்குப் பின்னால் சேர்ந்தன.

மூன்றாம் மாதம் டாக்டர் கோபித்தார். அடுத்த முறை முடிவு வராவிட்டால் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதாகச் சொன்னார். வழி கண்டதும் மதினிதான். “வீட்டுல இருந்து குடுக்கத்தானே ஆகாது? ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோயில்ல வைத்தியநாத சாமியக் கும்பிட்டுட்டு, அங்கன இருந்தே போய்க் குடுத்துருவோம்.”

அப்படியே போனோம். ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று, மதினி சீட்டுகள் மொத்தத்தையும் லேப் பெண்ணிடம் நீட்டினார்.

“கர்ப்பமும் பாக்கணுமாக்கா?”

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஆத்தாடி, இனிமே யாரு வளக்க!” என்று மதினி அதைப் பிடுங்கிக்கொண்டார். மீதிச் சீட்டுகள் எல்லாம் ஒரே சோதனைக்கு என்பதால், லேப் பெண் மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு இரத்தம் எடுத்தார்.

ஞாயிறன்று டாக்டர் முடிவைப் படித்து நெற்றியைச் சுருக்கினார். “அளவு சரியா இருக்கு. ஆனா தேதி மாத்திரை தொடங்கின அன்னைக்குள்ளது. அன்னைக்கே எப்படி இறங்கும்? வேற யார் ரத்தமோ. இத நம்பி ஆபரேஷனத் தள்ளிப்போட முடியாதும்மா.”

முழங்கை மடிப்பைத் திருப்பிக் காட்டினேன். ஊசி குத்திய இடத்தில் நீலம் இன்னும் மாறவில்லை. “முந்தாநாள்தான் குடுத்தேன் சார். சீட்டுதான் பழசு.”

“நாந்தான் எல்லாத்தையும் குடுத்தேன்” என்றார் மதினி, முதல் முறையாகத் தணிந்த குரலில்.

டாக்டர் லேப்புக்குப் போன் செய்தார். சீட்டில் இருந்த தேதியை அப்படியே எழுதிவிட்டார்களாம். போனை வைத்துவிட்டுச் சிரித்தார். “புதுச் சீட்டு தந்தா பழசு செத்துச்சு. என் முன்னாடியே கிழிச்சிருங்க.” ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி, மாத்திரையைக் குறைத்தார்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். புதுச் சீட்டு கைக்கு வந்ததும் பழையதைக் கிழித்துவிடுங்கள். எந்தக் கிழமை இரத்தம் எடுப்பார்கள் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் ஆகாத கிழமை என்றால் டாக்டரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

கிழிக்கும் வேலையை இப்போது மதினி எடுத்துக்கொண்டார். கர்ப்பச் சீட்டு மட்டும் அவர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. “கெடக்கட்டும், சிரிக்க வேணும்ல” என்கிறார்.

அந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தது. நாள் நகர்வதை அதில் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் நெஞ்சு எனக்கு முன்னால் ஓடும். இப்போது மணிக்கட்டில் விரல் வைத்தால் நிதானமாகத் தட்டுகிறது. வகுப்பில் ‘ழ’ எழுதி, அதை உரக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள்.