மகளுக்கு ஒரு வரி

எங்கள் பழைய தோட்டத்துக்காரர்களின் சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. சிடாம் கிரி பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய பிறகு ஆட்கள் நாலா பக்கமும் சிதறிப் போனார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்த பக்கம் அது. அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். சம்பளம் கிடையாது, ஒரு நல்ல வார்த்தையும் கிடையாது. தப்பு வந்தால் மட்டும் விடிந்ததும் விடியாததுமாகப் போன் வந்துவிடும்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. வரியின் தலையில் சின்னக் கோடு போட்டு இடம் விட்டால் பட்டியலில் புள்ளி விழும். சொல்லின் இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் ஒட்டினால் எழுத்து தடித்துவிடும். ஒட்ட வேண்டும், நடுவில் இடம் விட்டால் எழுத்து தடிக்காது, நட்சத்திரங்கள் அப்படியே பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். பட்டியல் முடிந்தபின் வேறு வரி எழுத, நடுவில் ஒரு வெற்று வரி விட வேண்டும். விடாவிட்டால், தனியாக எழுதியதாக நாம் நினைக்கும் வரி மேலே இருப்பதோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

இறப்புச் செய்திக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மகன்கள் பெயர் தடித்த எழுத்தில் வரும். மகள்கள் பெயரும் தடித்த எழுத்தில்தான், ஆனால் மருமகன் பெயரோடு சேர்ந்து. கல்யாணம் செய்துகொள்ளாத மகளுக்கு என்ன எழுத்து என்று ஒரு மனுஷனும் யோசித்ததில்லை.

அப்பா வாதம் வந்து படுத்ததிலிருந்து பாக்கார் ஆராங்கில் என் வீட்டில்தான் இருந்தார். குளிப்பாட்டியது, ஊட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் நான். ஜித்ராவிலிருந்து அண்ணன் வருவார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும். வந்தால் அரை மணி நேரம். அதிலும் பாதி நேரம், காரை நிழலில் நிறுத்த இடமில்லை என்ற புலம்பல்.

அப்பா போன அன்று நான் உள்ளே அவருக்கு வேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டார்.

"சங்கத்துப் பக்கத்தோட பாஸ்வர்ட் குடு. நியூஸ நான் போட்டுடறேன், நீ உள்ள வேலையப் பாரு."

கொடுத்தேன். "அண்ணே, என் பேரு தனி வரியில வரணும். மகள்னு போட்டு."

"தனியா எதுக்குலா? எங்க குடும்பத்தோட சேத்துப் போட்டா பத்தாதா?"

"பத்தாது."

பக்கத்தில் நின்ற அண்ணி, விடுங்கள் என்பதுபோல் அவரைப் பார்த்தார். "சரி சரி, போல்டுலயே போட்டுடறேன், போதுமா?" என்றார் அண்ணன். போதும் என்றுதான் நானும் நம்பினேன், முட்டாள்.

சடங்கு முடிந்து ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அத்தை போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, உம் பேருக்கு மட்டும் இது என்ன நட்சத்திரம்? கீழ விளக்கம் இருக்கான்னு தேடிப் பாத்தேன், காணோம். நீ எடுத்து வளத்த பிள்ளையா? இத்தனை வருசம் எனக்குத் தெரியாமப் போச்சே!"

போனை வாங்கிப் பார்த்தேன். அண்ணன் பெயரும் அண்ணி பெயரும் முதல் புள்ளியில், தடித்து, அழகாக. கடைசிப் புள்ளியில் 'பேரப்பிள்ளைகள் மூவர்'. அந்த மூவருக்குப் பின்னாலேயே, மூச்சுகூட விடாமல், இரண்டு நட்சத்திரம், ஓர் இடைவெளி, மகள், என் பெயர், மறுபடி இரண்டு நட்சத்திரம். யாருடைய செய்தியையோ நகலெடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார். அதில் என்னைப் போன்ற மகளுக்கு வரியே இல்லை. அதனால் என்னை மட்டும் கையால் அடித்திருக்கிறார். போனோடு அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, என் வரி மேல ஒட்டிக்கிச்சு. சரி பண்ணுங்க."

"ஒரு என்டர்தானே? நீயே தட்டிக்கோயேன்லா."

தட்டியிருக்கலாம்தான். கண்ணை மூடிக்கொண்டே செய்வேன். ஆனால் அப்பாவுக்கு நான் மகள் என்று நானே எழுதி ஒட்டிக்கொள்வதா? அதை அண்ணன் கையால் எழுத வேண்டும் என்றிருந்தது எனக்கு. பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். வேலைக்குப் போகும் முன் தினமும் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அந்த மூவரின் வாலில் தொங்கிக்கொண்டே இருந்தேன்.

கருமக்கிரியை அன்று மண்டபத்தில் சமையல் இறங்கியதும் ஒரு தடவை திறந்தேன். நட்சத்திரம் இல்லை! மேலிருந்து கீழ்வரை படித்தேன். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் மூவர். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

அண்ணன் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். சாம்பார் வாளியோடு போய் அவர் முன்னால் நின்றேன். என் கையிலிருந்த போனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, எவ்வளவு நீட்டா இருக்கு? அந்த ஸ்டாரு அசிங்கமா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. என்ன பண்ணியும் போகல, சூசாலா, பெரிய தொல்ல. அதான் அந்த லைனையே எடுத்துட்டேன்."

நான் ஊற்றாமல் நின்றேன். அவர் எதிர்ப் பந்தியைக் கைகாட்டினார்.

"என்ன நின்னுக்கிட்டு இருக்க? அங்க எல்லாரும் சாம்பார் கேக்குறாங்க பாரு. நீதானே வீட்டு மக, நீதான் கவனிக்கணும்."