கப்பல் நாளில் கழற்றி வைத்த விஞ்சு

புதுப் பிளாஸ்ரிக்கின் மணத்தை நான் முதன்முதலாக முகர்ந்தது ஒரு கடதாசிப் பெட்டியின் மூடியைத் திறந்தபோதுதான். உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் மணக்கின்ற எங்கள் தலைமன்னார் வீட்டுக்குள் அந்த மணம், அறியாத ஆள் ஒருவர் வந்து கேளாமலே கதிரையில் குந்தியிருப்பது போல இருந்தது. அம்மா மூக்கைச் சுளித்தார், றெஜினா அக்கா இன்னும் கிட்ட வந்து மணந்து பார்த்தாள், நானோ மணம் தீர்ந்துபோய்விடுமோ என்ற பயத்தில் மூடியைத் திறப்பதும் உடனே மூடுவதுமாக இருந்தேன். உள்ளே, ஒன்றோடொன்று கொளுவிக் கொள்ளும் சிவப்பும் மஞ்சளுமான சின்னச் சின்னக் கட்டைகளால் கட்டிய ஒரு லொறி இருந்தது. அதற்கு முன்னால் நிலத்தை முட்டிக்கொண்டு ஒரு பெரிய தகடு. அது பனி தள்ளுகிற தகடு என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது, தெருவில் படுத்திருக்கும் கழுதைகளை ஒதுக்குவதற்கு என்று அப்பா சொன்னார். எங்கள் ஊர்க் கழுதைகளைப் பார்த்தவர்களுக்கு அது சரியான விளக்கமாகவே படும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கும்பிட்டு வந்தவன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. மன்னாரில் இருந்து வெள்ளாங்குளம் வரைக்கும் நின்று பாருங்கள்; தண்ணீர் பவுசரோ, மண் ஏற்றும் ரிப்பரோ, வள்ளத்தைக் கரைக்கு இழுக்கிற உழவு இயந்திரமோ, எது போனாலும் அதன் முதுகில் பூட்டியிருப்பது பெரும்பாலும் என்னுடைய பட்டறை வேலையாகத்தான் இருக்கும். எவரிடமும் கைகட்டி நின்று படித்த தொழில் இல்லை இது. எங்கே படித்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்த லொறியைத்தான் சொல்வேன். ஆனால் லொறியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், எனக்கே இன்றுவரை விளங்காத இடம் ஒன்றில் வந்து கதை நின்றுவிடுகிறது.

அப்பா துறைமுகத்தில் "நாட்டாமை". ரயிலால் இறங்குகிறவர்களின் பெட்டி படுக்கையைத் தலையில் சுமந்து, சுங்கக் கொட்டகையால் கொண்டுபோய் இராமேஸ்வரக் கப்பலில் ஏற்றுவதும், அங்கிருந்து வருகிறவர்களின் சுமையை ரயிலுக்குக் கொண்டு வருவதும் அவருடைய வேலை. கையில் ஒரு பித்தளை வில்லை கட்டியிருப்பார். அந்த வில்லை இருந்தால்தான் கொட்டகைக்குள் கால் வைக்கலாம். சோளகக் காற்று அடிக்கின்ற ஒரு காலத்தில், கப்பல் போன பிறகு, கொட்டகை வாங்கின் கீழே இந்தப் பெட்டி கிடந்திருக்கிறது. முழங்காலுக்கு மேலே காற்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்ததை அப்பா கண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கப்பல் கட்டுகிற பாலத்து முனை மட்டும் ஓடினாராம். கப்பல் கயிறு அவிழ்த்துப் போய்விட்டது.

கந்தோரில் இருந்த கிளார்க் ஐயா பெட்டியைப் பொறுப்பெடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "விளையாட்டுச் சாமானை நான் எங்கை வைக்கிறது? நீரே கொண்டுபோய் வைச்சிரும். ஆரும் கேட்டு வந்தா உம்மட்டை அனுப்புறன்" என்றாராம். அந்த ஒரு சொல்தான் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது. ஏனென்றால், யாரோ ஒரு துரையின் கமராவைக் காணவில்லை என்ற பேச்சுக்கே அப்போதுதான் இன்னொரு நாட்டாமையின் வில்லையைப் பறித்திருந்தார்கள். இந்தப் பெட்டியைக் கேட்டு ஆள் வந்து, அது உடைந்தோ குறைந்தோ இருந்தால், அடுத்த வில்லை அப்பாவினுடையது.

"வடிவாக் கேள் மோனே" என்று அப்பா என்னை முன்னால் நிற்பாட்டிச் சொன்னார். "விளையாட வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. ஆனா ஓட்டை போடக் கூடாது, ஒட்டக் கூடாது, சுரண்டக் கூடாது. கப்பல் வாற நாளிலை இருந்தது இருந்தபடி பெட்டிக்குள்ளை இருக்கோணும்."

வேறு பிள்ளை என்றால் அந்த லொறியை உருட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. துறைமுகத்தில் சாமான் தூக்கும் விஞ்சைப் பார்த்துப் பார்த்துப் பசி மறந்து நின்றவன் நான். கைபிடியைச் சுற்றினால் கயிறு சுருண்டு, என்ன பாரத்தையும் இழுத்துக்கொண்டு வருகிற அந்தச் சாமான் என் லொறியிலும் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அம்மாவின் வெறும் நூல்கட்டையை உருளையாக்கினேன். சைக்கிள் கம்பியை வளைத்துக் கைபிடி போட்டேன். கயிற்றுக்கு, சூசை மாமா தூண்டில் கட்டுகிற தங்கூசி நூல். உருளை பின்னால் சுழன்று விடாமல் இருக்கப் பால்ரின் மூடியைப் பல்லுப் பல்லாக வெட்டி, ஒரு மூங்கில் நாக்கை அதில் தட்ட வைத்தேன். சுற்றும்போது 'டிக் டிக்' என்று கேட்கும். மீன்ரின்னில் ஒரு பெட்டி செய்து, குடைக்கம்பி ஒன்றால் நெம்பினால் பின்பக்கம் சரிந்து மண் கொட்டுகிற மாதிரியும் பூட்டினேன். எல்லாவற்றையும் சைக்கிள் ரியூப்பை வாராக வெட்டி இறுக்கிக் கட்டினேன், ஏனென்றால் ஓட்டை போடக் கூடாது.

அக்கா சும்மா இருப்பாளா. "வெள்ளைக்காரன்ரை லொறிக்குச் சம்பளமில்லாத டிறைவர்!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொல்லுவாள்.

இரவுச் செபத்தில் குழப்பம் இன்னும் கூடியது. காணாமற் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்பதால், அம்மா அவரிடம், "உரிய பிள்ளையைக் கெதியாய்க் கொண்டு வாரும் ராசாவே, இந்தப் பாரம் எங்களுக்கு வேண்டாம்" என்று வாய்விட்டு மன்றாடுவார். நான் பக்கத்தில் முழங்காலில் நின்று, அதே அந்தோனியாரிடம், அந்தப் பிள்ளைக்கு வழியைக் காட்ட வேண்டாம் என்று மனதுக்குள் கேட்பேன். பிறகு, அந்தப் பிள்ளை வந்தால்தானே என் விஞ்சைக் காட்டலாம், அவன் நாட்டில் கூட இப்படி ஒன்று இராது என்று ஒரு எண்ணம் வரும். உடனே வரட்டும் என்று கேட்பேன். அந்தோனியார் என்னை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருப்பார்.

ஒருநாள் பின்னேரம் சூசை மாமா கரையால் வந்து, நான் சுற்றுவதைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவின் தம்பி, பகிடி விடாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு பாரை மீனை மணலில் போட்டார்.

"மருமோன், உந்தத் தும்பி பிடிக்கிற சாமானாலை இதை இழு பாப்பம். இழுத்தா மீன் உனக்கு, இல்லாட்டி லொறி எனக்கு."

"லொறி என்ரை இல்லை மாமா."

"அப்ப மீனும் உன்ரை இல்லை, போ!"

விடுவேனா. லொறியை ஒரு பனை வேரோடு கட்டி, தங்கூசியை மீனின் செவுளில் கொளுவிச் சுற்றினேன். மீன் அசைந்தது, ஆனால் ரியூப் வார் இழுபட்டு விஞ்சு சரிந்து போயிற்று. திரும்பக் கட்டினேன், திரும்பச் சரிந்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா அடுப்பில் ஒரு கம்பியைச் சிவக்கக் காய்ச்சிக் கொண்டு வந்து நீட்டினாள்.

"உள்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. ஒரு ஆணி. ஆருக்கடா தெரியப் போகுது?"

கம்பி என் கையில் சிவந்துகொண்டு நின்றது. லொறியை மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன். அப்பாவின் வில்லைதான் கண்ணுக்குள் வந்தது. கம்பியை மணலில் குத்தி அணைத்துவிட்டு, இரண்டு ஐஸ்பழக் குச்சிகளை எடுத்து, ஒன்றை லொறியின் அடியிலும் ஒன்றை மேலேயும் வைத்து, இரண்டு முனையையும் சேர்த்து வரிந்து, மேல் குச்சியின் மீது விஞ்சை இருத்தினேன். சட்டகத்தில் ஒரு கீறல் இல்லை. 'டிக் டிக் டிக்' என்று பாரை மீன் என் காலடிக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் லொறிச் சட்டகத்தில் துளை போடாமல் வளைய போல்ட்டால் கவ்விப் பிடித்துத்தான் எதையும் பூட்டுகிறேன். அந்த முறையை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்த அப்பா, "கெட்டிக்காரன்தான்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "கழட்டி வை, நாளைக்குக் கப்பல்" என்றார்.

அப்படித்தான் ஒவ்வொரு கப்பலுக்கும் விஞ்சைக் கழற்றி, லொறியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, அப்பாவுக்குப் பின்னால் துறைமுகம் மட்டும் போவேன். வெள்ளைக்காரர் இறங்குவார்கள், பிள்ளை இராது. நாங்கள் திரும்பி வருவோம். வழியில் எனக்குச் சந்தோசமா ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

சோளகம் ஓயும் நேரத்தில் ஒரு கப்பலில் அவர்கள் வந்தார்கள். அவர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரு பிள்ளை. பிள்ளைக்குத் தோள் வரைக்கும் தலைமயிர். அந்தக் காலத்தில் தகப்பனுக்கும் அப்படித்தான், ஆகவே ஆணா பெண்ணா என்றுகூட நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அப்பா தலையில் இருந்த சுமையை இறக்கிவிட்டு, என் கையில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"யுவர் லொறி, சேர். யுவர் பேபி லொறி."

தாய் பெட்டியைத் திறந்து பார்த்து என்னவோ நீளமாகச் சொன்னார். தகப்பன் அப்பாவைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே தலையை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினார். "ஓமாமடா, அவையின்ரைதானாம்!" என்று அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். இத்தனை நாள் சுமந்த எல்லாச் சுமையையும் ஒரேயடியாக இறக்கியவர் போல அவர் முகம் இருந்தது. அதற்குள் பிள்ளை லொறியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. தகப்பன் குனிந்து பிள்ளையிடம் ஏதோ சொன்னார், பிள்ளை விடவில்லை. பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூவரும் ரயிலில் ஏறினார்கள். விஞ்சைக் காட்ட வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருந்தேன். அது வீட்டில், பாயின் மேல் கிடந்தது.

அதன் பிறகு விஞ்சு இருந்தது, லொறி இல்லை. பூவரசம் பலகையில் நானே லொறி ஒன்று செய்து அதில் பூட்டினேன். எல்லோரும் லொறிக்கு விஞ்சு செய்வார்கள், நான் விஞ்சுக்கு லொறி செய்தவன் என்று பட்டறைப் பொடியன்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

சண்டை வந்து, இந்தியாவில் முகாமில் கிடந்து, திரும்பி வந்து பட்டறை போட்ட பிறகு, கண்ணிவெடி அகற்ற வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் வண்டியைப் பின்னால் ஒரு கம்பி வளையம் பூட்டக் கொண்டு வந்தார். முன்னுக்கும் ஒரு கம்பி வளையம் பூட்டவா என்று சைகையால் கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினார். பூட்டினேன். எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் ஓம் என்றுதானே அர்த்தம். வந்து பார்த்துவிட்டு, தான் வேண்டாம் என்றல்லவா சொன்னது என்று கூட வந்த பொடியனைக் கொண்டு சொல்வித்தார். சாவியை எடுத்து வளையத்தைத் திரும்பக் கழற்றினேன்.

அன்று பின்னேரமே போய் அப்பாவிடம் சொன்னேன். படுக்கையில் இருந்தார், கண் சரியாகத் தெரியாது, காதும் மனமும் தெளிவு.

"அப்பா, அண்டைக்குத் தலையாட்டின அந்த மனிசன் இல்லையெண்டெல்லோ சொல்லியிருக்கிறான். லொறி அவையின்ரை இல்லைப் போலை."

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்ப ஏன் வாங்கிக்கொண்டு போனவை?" என்றார். பிறகு, "பிள்ளை அழேல்லைத்தானே?" என்று கேட்டார்.

எந்தப் பிள்ளையைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "இல்லை அப்பா, அழேல்லை" என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா போய்க் கனகாலம். உரிய பிள்ளை வேறாக இருந்தால், அது எங்கோ ஒரு நாட்டில் என்னைப் போல நரைத்துப்போய், தலைமன்னார் என்ற ஊரில் ஒரு நாட்டாமை என் லொறியைக் களவெடுத்தான் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அன்று வந்த பிள்ளை, கேளாமலே ஒரு லொறி தந்த மனிதனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே பிள்ளையாகவும் இருக்கலாம். அப்பா நல்ல மனிதர் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை; மற்ற எல்லாவற்றிலும் குழப்பம்தான்.

போன மாதம் வேலையாகப் போனபோது துறைமுகம் பக்கம் வண்டியை விட்டேன். கப்பல் இல்லை, கொட்டகை இல்லை, பாலத்தில் பாதி கடலுக்குள். ரயில் மட்டும் திரும்ப வருகிறது. இறங்குகிறவர்கள் சில்லுப் பூட்டிய பெட்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு போகிறார்கள். எதையாவது மறந்துவிட்டுப் போனால், எடுத்துக்கொண்டு பின்னால் ஓட அங்கே ஆள் இல்லை.