ப்ளக்குக்கு வைத்த பொட்டு
மலாயாவின் பேராக்கில் என் கைக்கு மசியாத மோட்டார் இல்லை. பள்ளிக்கூடம் மூன்று வருடம்தான். தொழில் முழுவதும் நானாகக் கற்றது. ஆனாலும் 1920களில் ஓர் ஆயுத பூஜையன்று, நான் ஓட்டிய ரப்பர் தோட்டத்துத் துரையின் கார் என்னை முட்டாளாக்கியது. முன்னால் செருகிய கைப்பிடியை எவ்வளவு சுற்றியும் கிளம்பவில்லை. துரைசாணியை அழைத்துவர ஈப்போ ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

“கார் கிளம்பலன்னா நாளையிலிருந்து நீ பால் மரம் வெட்டு” என்றார் துரை.

அவ்வழியே வந்த லகாட் ஈயச் சுரங்கத்து லாரி டிரைவர் இறங்கினார். ப்ளக் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்பருகே பிடித்து, என்னைக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். நீலப்பொறி பாய்ந்தது.

“கரண்டு இருக்கு தம்பி, ப்ளக்கப் பாப்போம்” என்று குனிந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். காலைப் பூஜையில் நான்கு ப்ளக்கின் பீங்கான் கழுத்திலும் நான் சந்தனம் அப்பியிருந்தேன்.

“ஈரத்துல கரண்டு வழிஞ்சு ஓடுது. காருக்குப் பொட்டு வெச்சா போதும்லா, ப்ளக்குக்குமா?” என்று என் காதோடு சொல்லிவிட்டு, துண்டால் துடைத்தார். கார் உறுமியது.

துரையிடம், “ஈரந்தாங்க தொரை. தம்பிதான் கண்டுபிடிச்சாரு” என்றார்.

பிறகு ஈப்போவில் சொந்தப் பட்டறை வைத்தேன். எந்த டிரைவரின் தவறையும் முதலாளியிடம் சொன்னதில்லை. அது மட்டும் நானாகக் கற்றதல்ல.